நடுத்தர அளவுத் தொலைக்காட்சிப் பெட்டி: வாங்குவது முதல் பராமரிப்பது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் 43 அங்குலம் முதல் 55 அங்குலம் வரையிலான தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பற்றியது. வீட்டின் பொது அறையில் வைத்து மூன்று நான்கு பேர் சேர்ந்து பார்க்கும் பெட்டிகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வரும் எண்களைவிட, அறையின் வெளிச்சம், உட்காரும் தூரம், வாங்கிய பிறகு செய்துகொள்ளும் அமைப்புகள் ஆகியவையே படத்தின் தரத்தை அதிகமாகத் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் அந்த நோக்கிலேயே எழுதப்பட்டுள்ளன.

43, 50, 55 அங்குலம் ஆகியவற்றில் எங்கள் அறைக்கு எது பொருந்தும் என்று எப்படி முடிவு செய்வது?

அங்குலக் கணக்கு என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையிலான குறுக்களவு. 43 அங்குலத் திரை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் அகலமும் 54 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 50 அங்குலத் திரையின் அகலம் 111, உயரம் 62. 55 அங்குலத்துக்கு அகலம் 122, உயரம் 68 அல்லது 69. சுற்றியுள்ள சட்டத்துக்காக இவற்றோடு ஓரிரு சென்டிமீட்டரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உட்காரும் இடத்திலிருந்து பார்க்கும்போது திரையின் அகலம் கண்ணில் 30 பாகை அளவுக்கு விரிந்தால் பொதுவான நிகழ்ச்சிகளுக்குப் போதும் என்றும், திரைப்படத்தில் ஒன்றிப் பார்க்க விரும்புபவர்கள் 40 பாகை வரை போகலாம் என்றும் துறையில் ஒரு கணக்கு உண்டு. குறுக்களவை 1.6 ஆல் பெருக்கினால் முதலாவது தூரமும், 1.2 ஆல் பெருக்கினால் இரண்டாவது தூரமும் கிடைக்கும். அதன்படி 43 அங்குலத்தை 1.3 முதல் 1.75 மீட்டர் தூரத்திலும், 50 அங்குலத்தை 1.5 முதல் 2 மீட்டர் தூரத்திலும், 55 அங்குலத்தை 1.7 முதல் 2.2 மீட்டர் தூரத்திலும் உட்கார்ந்து பார்க்கலாம். பல வீடுகளில் சோபா இதைவிடத் தள்ளியே இருப்பதால், இரண்டு அளவுகளுக்கு நடுவில் தயங்குபவர்கள், இடமும் வசதியும் இருந்தால், பெரியதை எடுப்பதே நல்லது.

எண்களை நம்ப மனம் வரவில்லை என்றால், செய்தித்தாள்களை ஒட்டித் திரையின் அளவுக்கு வெட்டி, பெட்டி வரப்போகும் இடத்தில் சுவரில் ஒட்டிவைத்து, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து ஓரிரு நாள் பாருங்கள். மற்றோர் அளவையும் மறக்கக் கூடாது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் நடுவில் ஒரே தாங்கி இல்லாமல், இரு ஓரங்களிலும் தனித்தனிக் கால்கள் இருக்கின்றன. அந்தக் கால்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிட மேசை குறுகியதாக இருந்தால் பெட்டியை அதில் வைக்கவே முடியாது.

இந்த அளவுக்கு 4கே அவசியமா?

முழு எச்டி திரையில் 1920-க்கு 1080 புள்ளிகளும், 4கே திரையில் 3840-க்கு 2160 புள்ளிகளும் உள்ளன. அதாவது நான்கு மடங்கு. ஆனால் 43 அங்குல முழு எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். நல்ல பார்வை உள்ளவருக்கே 1.7 மீட்டருக்கு அப்பால் அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. எனவே இரண்டரை மீட்டர் தள்ளி உட்காருபவர் 43 அங்குலத்தில் 4கே என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும், இந்த அளவில் நல்ல திரையும் படத்தைக் கையாளும் நல்ல புராசஸரும் பொருத்தப்பட்ட மாதிரிகள் இப்போது அநேகமாக 4கே ஆகவே வருகின்றன என்பதால், தேடல் அங்கேயே போய் முடியும். 8கே இந்த அளவுக்குத் தேவையில்லை.

எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி ஆகியவற்றுக்குள் என்ன வேறுபாடு?

முதல் மூன்றும் அடிப்படையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றிலும் படத்தை உருவாக்குவது எல்சிடி திரை. அதற்குத் தானாக ஒளி கிடையாது என்பதால், பின்னாலிருந்தோ ஓரத்திலிருந்தோ எல்இடி விளக்குகள் வெளிச்சம் கொடுக்கின்றன. அந்தப் பின்னொளியைத் திரை எவ்வளவுதான் மறைத்தாலும் கொஞ்சம் கசியும். இருட்டறையில் இரவுக் காட்சியைப் பார்க்கும்போது கறுப்பு சாம்பலாகத் தெரிவது இதனால்தான்.

கியூஎல்இடி என்பது இதே அமைப்பில் குவாண்டம் புள்ளிகள் கொண்ட ஒரு படலத்தைக் கூடுதலாகச் சேர்த்தது. நீல எல்இடியின் ஒளி அந்த நுண்துகள்களின் மேல் பட்டதும், அவற்றின் பருமனுக்கு ஏற்பத் தூய சிவப்பும் பச்சையும் வெளிப்படுகின்றன. திறன்மிக்க நீல எல்இடியை உருவாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகாமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசும், குவாண்டம் புள்ளி ஆய்வுக்காக மூங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி யெகிமோவ் ஆகியோருக்கு 2023-இல் வேதியியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தன. வீட்டுத் திரையின் பின்னால் இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் சேர்ந்து வேலை செய்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஆனால் இந்தப் படலம் நிறத்தைத்தான் மேம்படுத்துமே தவிர, கறுப்பைக் கறுப்பாக்காது.

கறுப்பை மேம்படுத்துவது பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி. விளக்குகள் திரையின் பின்புறம் முழுவதும் பரவியிருந்து, படத்தின் இருண்ட பகுதிக்குப் பின்னால் உள்ளவை மட்டும் மங்கினால் ஆழமான கறுப்பு கிடைக்கும். மினி எல்இடி என்பது அந்த விளக்குகளை மிகச் சிறியதாக்கிப் பகுதிகளின் எண்ணிக்கையைப் பெருக்கியது.

ஓஎல்இடி முற்றிலும் வேறு. அதில் பின்னொளியே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்துவிடுகிறது. இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு இதற்கு இணை இல்லை. பகலில் வெயில் நேராக விழும் அறையில், நாள் முழுவதும் செய்திச் சேனல் ஓடும் வீட்டில், நல்ல மினி எல்இடி பெட்டியே பொருத்தமானது.

ஐபிஎஸ், விஏ என்று எல்சிடி திரைகளில் இரண்டு வகை சொல்கிறார்களே?

விஏ திரையில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு பொதுவாக 3000-க்கு 1 அல்லது அதற்கு மேல் இருக்கும்; ஐபிஎஸ் திரையில் அது ஏறத்தாழ 1000-க்கு 1 தான். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் விஏ திரையில் நிறம் வெளுக்கும், ஐபிஎஸ் திரையில் அவ்வளவாக வெளுக்காது. எல்லோரும் நேர் எதிரே உட்காரும் அறைக்கு விஏ, சமையலறையிலிருந்தும் உணவு மேசையிலிருந்தும் பார்க்க வேண்டிய அறைக்கு ஐபிஎஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். விவரப் பட்டியலில் இது பெரும்பாலும் குறிப்பிடப்படுவதில்லை. கடையில் பெட்டியின் பக்கவாட்டில் நின்று, திரையில் தெரியும் முகத்தின் நிறம் வெளுக்கிறதா என்று பார்த்தாலே வகை புலப்பட்டுவிடும்.

எச்டிஆர் இருந்தால் படம் நிச்சயமாக நன்றாக இருக்குமா?

மிகப் பிரகாசமான இடங்களையும் மிக இருண்ட இடங்களையும் விவரம் குறையாமல் காட்டுவதற்கான முறையே எச்டிஆர். அந்தச் சமிக்ஞையை ஏற்றுக்கொள்வது வேறு, அதைக் காட்டும் திறன் இருப்பது வேறு. எச்டிஆர் படைப்புகள் பெரும்பாலும் 1000 நிட் (நிட் என்பது திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) உச்ச ஒளியை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. 300 நிட் மட்டுமே தரக்கூடிய, பகுதி பகுதியாக மங்கும் வசதியில்லாத பெட்டி அந்தச் சமிக்ஞையைப் பெற்றுக்கொண்டு, எல்லாவற்றையும் சுருக்கி மங்கலாகக் காட்டும். "எச்டிஆர் படம் இருட்டாகத் தெரிகிறது" என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுவே. அத்தகைய பெட்டியில் எச்டிஆரை அணைத்துவிட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

எச்டிஆர்10 முறையில் முழுப் படத்துக்கும் ஒரே ஒளிக் குறிப்புதான் அனுப்பப்படுகிறது. டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் ஆகியவை காட்சிக்குக் காட்சி குறிப்பு அனுப்புவதால், ஒளி குறைந்த பெட்டிகளில் அவை ஓரளவு கைகொடுக்கும்.

60 ஹெர்ட்ஸ் போதுமா, 120 ஹெர்ட்ஸ் வேண்டுமா?

திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதையே இந்த ஹெர்ட்ஸ் எண் குறிக்கிறது. செய்திகளுக்கும் தொடர்களுக்கும் 60 போதும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்படுகிறது. 24 என்பது 60-ஐ மீதமின்றி வகுக்காததால், 60 ஹெர்ட்ஸில் ஓடும் திரை ஒரு சட்டகத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் மாற்றி மாற்றிக் காட்ட நேரிடுகிறது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் ஏற்படும் லேசான திணறல் இதனால் வருவது. 120-ஐ 24 சரியாக ஐந்து முறை வகுக்கிறது என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. புதிய கேம் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கும் 120 பயன்படும். "மோஷன்" என்ற சொல்லோடு ஒட்டிவரும் 200, 240 போன்ற எண்கள் பல வேளைகளில் திரையின் உண்மையான வேகத்தைக் குறிப்பதில்லை. விவரப் பட்டியலில் திரையின் புதுப்பிப்பு வேகம் தனியாக என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்தவுடன் என்னென்ன பார்க்க வேண்டும்?

அட்டைப்பெட்டியை நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுவரச் செய்யுங்கள். படுக்கவைத்துக் கொண்டுவந்தால் மெல்லிய திரை தன் எடையாலும் குலுக்கலாலும் விரிசல் விடக்கூடும். இரண்டு பேர் சேர்ந்து கீழ்ச்சட்டத்தையும் பின்புறத்தையும் பிடித்துத் தூக்க வேண்டும். திரையின் முகப்பில் விரல் அழுந்தக் கூடாது. குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான அறைக்கு வந்த பெட்டி என்றால், உள்ளே படிந்த ஈரம் காய்வதற்குச் சில மணி நேரம் விட்ட பிறகே மின்சாரம் கொடுங்கள்.

பிறகு யூடியூபில் ஒற்றை நிறத் திரைச் சோதனைக் காணொளி ஒன்றை ஓட்டி, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு, சாம்பல் ஆகிய ஆறிலும் பொறுமையாகப் பாருங்கள். செத்த புள்ளிகள் வெள்ளையில் தெரியும், எரிந்தே நிற்கும் புள்ளிகள் கறுப்பில் தெரியும். பலரும் விட்டுவிடுவது சாம்பல் நிறச் சோதனை. திரையின் நடுவில் அழுக்குப் படிந்ததுபோன்ற திட்டுகளும் செங்குத்துப் பட்டைகளும் சாம்பலில்தான் வெளிப்படும். அவை விளையாட்டு ஒளிபரப்பில் பந்தைத் தொடர்ந்து கேமரா நகரும்போது கண்ணை உறுத்தும். ஓரிரு புள்ளிகள் செத்திருந்தால் உத்தரவாதத்தில் மாற்றித்தர மாட்டார்கள் என்பது பொதுவான நிபந்தனை; ஆனால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டால் வழி பிறக்கும். அந்தக் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் எறிந்துவிடாதீர்கள்.

கடையில் பளிச்சென்று இருந்த படம் வீட்டில் கண்ணைக் கூசுகிறது. எப்படிச் சரிசெய்வது?

கடையின் கடும் வெளிச்சத்தில் எடுபட வேண்டும் என்பதற்காக ஒரு தனி அமைப்பு எல்லாப் பெட்டிகளிலும் உண்டு. முதன்முதலில் இயக்கும்போது "கடையா, வீடா" என்று பெட்டி கேட்கும். வீடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, படத்தின் வகையை "விவிட்" அல்லது "டைனமிக்" என்பதிலிருந்து "சினிமா", "மூவி", "ஃபிலிம்மேக்கர்" ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். ஃபிலிம்மேக்கர் என்பது, இயக்குநர்கள் பலரின் வேண்டுகோளை ஏற்று 2019-இல் அறிவிக்கப்பட்ட அமைப்பு. படத்தை எடுத்தவர் பார்த்தபடியே காட்டுவது அதன் நோக்கம்.

மாற்றிய முதல் நாள் படம் மஞ்சள் பூத்ததுபோல் தெரியும், வீட்டில் எதிர்ப்பும் வரும். ஒரு வாரம் அப்படியே விடுங்கள். காணொளித் துறையில் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு 6500 கெல்வினை ஒட்டியது (இந்த எண் கூடக்கூட வெள்ளையில் நீலம் கூடும்). கடையில் பார்த்த வெள்ளை அதைவிட மிக நீலமானது. கண் பழகிய பிறகு பழைய அமைப்புக்குத் திரும்பிப் பாருங்கள். முகங்களில் இருந்த நீலச்சாயம் அப்போது புரியும்.

அதன் பிறகு கூர்மை என்ற அமைப்பைக் குறையுங்கள். படத்தை நிறுத்திவைத்து, வசன வரிகளின் எழுத்தோரத்தை அருகில் போய்ப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெண்கோடு ஒன்று ஒளிவட்டம்போல் ஓடினால், கூர்மை கூடுதலாக இருக்கிறது என்று பொருள். அந்தக் கோடு மறையும்வரை குறைத்தால் போதும். பல பெட்டிகளில் அது பூஜ்யத்தில் அல்லது அதற்கு அருகில் போய் நிற்கும். கூர்மை கூடினால் விவரம் கூடும் என்பது தவறான எண்ணம், அது விளிம்புகளில் செயற்கையாகக் கோடு வரைகிறது, அவ்வளவே.

திரையின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ "பேக்லைட்" என்ற அமைப்பைத் தொடுங்கள். "பிரைட்னஸ்" என்ற பெயரில் இருப்பது பல பெட்டிகளில் கறுப்பின் ஆழத்தை மாற்றுகிறது. அதைக் கூட்டினால் கறுப்பு வெளுக்கும், குறைத்தால் இருண்ட காட்சியின் விவரங்கள் மறையும். இன்னொன்று: பல பெட்டிகள் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் அமைப்பைத் தனித்தனியாக நினைவில் வைக்கின்றன. செட்டாப் பாக்ஸுக்குச் செய்தது, பெட்டிக்குள் இருக்கும் யூடியூப் போன்ற செயலிகளுக்கு வராது. சாதாரணப் படத்துக்குச் செய்தது எச்டிஆர் படத்துக்கும் வராது.

திரைப்படங்கள் எல்லாம் வீடியோ கேமராவில் எடுத்த தொடர்போல வழுவழுப்பாகத் தெரிகின்றனவே?

பெட்டி, இரண்டு உண்மையான சட்டகங்களுக்கு நடுவே தானாக ஒன்றைக் கற்பனை செய்து செருகுவதால் அப்படித் தெரிகிறது. இதற்கு நிறுவனத்துக்கு ஒரு பெயர் உண்டு. படத்தின் அமைப்புகளில் மோஷன், ஸ்மூத், கிளாரிட்டி போன்ற சொற்கள் வரும் இடத்தில் தேடி அணைத்துவிடுங்கள். விளையாட்டு ஒளிபரப்புக்கு வேண்டுமானால் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம்.

எந்த உயரத்தில், எந்தச் சுவரில் வைப்பது?

சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 110 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தை ஒட்டி அமைவதே கழுத்துக்கு நல்லது. சுவரில் மாட்டும்போது, நின்றுகொண்டு பார்த்து உயரத்தைக் குறிப்பதால்தான் பெரும்பாலான பெட்டிகள் தேவைக்கு மேல் உயரத்தில் போய்விடுகின்றன. உட்கார்ந்து பார்த்துக் குறியுங்கள்.

ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் திரையில் ஜன்னலே தெரியும். ஜன்னலுக்கு முன்னால் வைத்தால் பின்வெளிச்சம் கண்ணை உறுத்தும். ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு அமையும் சுவரே சிறந்தது. இரவில் முழு இருட்டில் பார்ப்பதைவிட, பெட்டியின் பின்புறச் சுவரில் மங்கலான வெண்ணிற விளக்கு ஒன்றை எரியவிட்டால் கண் களைப்பது குறையும், கறுப்பும் இன்னும் ஆழமாகத் தெரியும்.

சுவரில் மாட்டுவதில் கவனிக்க வேண்டியவை யாவை?

பெட்டியின் பின்புறம் உள்ள நான்கு துளைகளின் இடைவெளியை வெசா அளவு என்பார்கள். இந்த அளவுப் பெட்டிகளில் அது பெரும்பாலும் 200-க்கு 200, 300-க்கு 300 அல்லது 400-க்கு 400 மில்லிமீட்டராக இருக்கும். தாங்கி அதற்குப் பொருந்த வேண்டும், பெட்டியின் எடையைவிடத் தாராளமாகக் கூடுதல் எடையைத் தாங்க வேண்டும். கையேட்டில் சொன்ன நீளத்தைவிட நீளமான திருகாணியை முறுக்கினால் அது உள்ளேயிருக்கும் பலகையைத் துளைத்துவிடும். செங்கல் சுவருக்கும் உள்ளீடற்ற பலகைச் சுவருக்கும் வெவ்வேறு பிடிப்பான்கள் தேவை. துளையிடும் முன், உள்ளே மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

செட்டாப் பாக்ஸ் போன்றவற்றை இணைக்கும் எச்டிஎம்ஐ துளைகள் பக்கவாட்டைப் பார்க்கின்றனவா, நேராகப் பின்பக்கம் பார்க்கின்றனவா என்றும் முன்பே கவனியுங்கள். பின்பக்கம் பார்த்தால், சுவரோடு ஒட்டிய தாங்கியில் கேபிளைச் செருக இடமே இருக்காது.

வசனம் தெளிவாகக் கேட்பதில்லை. ஒலியைக் கூட்டினால் பின்னணி இசை காதைப் பிளக்கிறது. என்ன செய்யலாம்?

இன்று மிகுதியாக வரும் கேள்வி இதுதான். மெல்லிய பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லாததால், சிறிய ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்தப்படுகின்றன. ஒலி சுவரிலும் மேசையிலும் பட்டுத் திரும்பி வருவதற்குள் பேச்சின் தெளிவு போய்விடுகிறது. அதோடு, பல ஸ்பீக்கர்களுக்காகக் கலக்கப்பட்ட ஒலித்தடத்தை இரண்டு ஸ்பீக்கர்களுக்குள் அடைக்கும்போது வசனம் இசைக்கு அடியில் அமுங்குகிறது.

செலவில்லாத வழிகளை முதலில் முயலுங்கள். செயலியின் ஒலி அமைப்பில் 5.1 (பல ஸ்பீக்கர்களுக்கான ஒலி) என்று இருந்தால் அதை இரண்டு ஸ்பீக்கர்களுக்கான சாதாரண ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். பெட்டியின் ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் வசதியும், இரவுநேரத்துக்கென்று உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் நெருக்கிவைக்கும் வசதியும் இருக்கும். இரண்டையும் இயக்கிப் பாருங்கள். கீழ்நோக்கிய ஸ்பீக்கர் உள்ள பெட்டியை மேசையின் விளிம்புவரை முன்னே நகர்த்தினாலே வேறுபாடு தெரியும்.

இவை போதவில்லை என்றால், பெட்டிக்கு முன்னால் வைக்கும் நீண்ட ஸ்பீக்கரான சவுண்ட்பார் வாங்கலாம். தனி நடு ஸ்பீக்கர் கொண்டதைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் வசனம் அதன் வழியாகத்தான் வரும். எச்டிஎம்ஐ கேபிளால் இணைப்பதென்றால், பெட்டியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று குறிக்கப்பட்ட எச்டிஎம்ஐ துளையில்தான் அதை இணைக்க வேண்டும்; வேறு எச்டிஎம்ஐ துளையில் செருகினால் பெட்டியின் ஒலி அதற்குப் போகாது. உதட்டசைவுக்கும் ஒலிக்கும் பொருந்தாமல் போனால், ஒலித் தாமதத்தைச் சரிசெய்யும் அமைப்பு பெட்டியிலோ சவுண்ட்பாரிலோ இருக்கும்.

இணைய வேகம் எவ்வளவு வேண்டும்?

4கே படத்துக்கு நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட், முழு எச்டிக்கு 5 போதும். வேகம் இருந்தும் படம் தடைப்பட்டால், ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறிப் பாருங்கள். நடுவே இரண்டு சுவர் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸே தேவலை.

ஸ்மார்ட் வசதிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மந்தமாகிவிடுகின்றன. பெட்டியையே மாற்ற வேண்டுமா?

வேண்டாம். திரை பத்தாண்டு உழைக்கும். உள்ளேயிருக்கும் புராசஸரும் நினைவகமும் அதற்கு முன்பே பழசாகிவிடும், நிறுவனமும் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திவிடும். பயன்படுத்தாத செயலிகளை நீக்கி, பெட்டியைச் சுவர் இணைப்பிலிருந்தே ஒரு நிமிடம் துண்டித்து மீண்டும் இயக்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், எச்டிஎம்ஐ துளையில் செருகும் சிறிய ஸ்ட்ரீமிங் கருவி ஒன்று போதும். இதனால்தான், வாங்கும்போது திரைக்கு முதலிடமும் ஸ்மார்ட் வசதிகளுக்கு அடுத்த இடமும் கொடுங்கள் என்கிறேன்.

தொலைக்காட்சி நாம் பார்ப்பதைக் கண்காணிக்கிறதா?

பல ஸ்மார்ட் பெட்டிகளில், திரையில் ஓடுவது என்ன என்பதை அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. செட்டாப் பாக்ஸ் வழியாக வருவதைக்கூட அது அறியும். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெட்டிகளிலிருந்து உரிமையாளர்களின் ஒப்புதலின்றி இவ்வாறு தகவல் திரட்டப்பட்ட வழக்கில், 2017-இல் விசியோ என்ற தொலைக்காட்சி நிறுவனம் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுடனும் நியூ ஜெர்சி மாநிலத்துடனும் 22 லட்சம் டாலர் செலுத்தி உடன்பாட்டுக்கு வந்தது. பெட்டியை முதலில் இயக்கும்போது வரும் ஒப்புதல் பக்கங்களை அவசரத்தில் தாண்டிவிடாமல், பார்வைத் தகவல், விளம்பரம் என்று வருபவற்றுக்கு ஒப்புதல் தர மறுக்கலாம். முன்பே தந்திருந்தால், தனியுரிமை அமைப்புகளில் அணைக்கலாம். பெட்டி வழக்கம்போலவே இயங்கும்.

மின்சாரம் எவ்வளவு செலவாகும்?

இந்த அளவு எல்இடி பெட்டிகள் பொதுவாக 60 முதல் 140 வாட் வரை எடுக்கும். 80 வாட் பெட்டி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் 30 நாளில் 12 யூனிட் ஆகும். பெரும்பகுதி பின்னொளிக்கே போவதால், அதைக் குறைத்தால் கணக்கும் குறையும். இடி மின்னல் வேளையில் மின்கம்பியை மட்டும் அல்லாமல், ஆன்டெனா கம்பியையும் இணையக் கம்பியையும் சேர்த்துக் கழற்றிவைக்க வேண்டும், ஏனெனில் மின்னலின் அதிர்ச்சி அவற்றின் வழியாகவும் உள்ளே வரும்.

திரையை எதைக் கொண்டு துடைப்பது?

பெட்டியை அணைத்து ஆறவிட்ட பின், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். விரல் கறை போகவில்லை என்றால் துணியைச் சிறிதளவு காய்ச்சி வடித்த நீரில் நனைத்துக்கொள்ளலாம். கண்ணாடி துடைக்கும் திரவம், சாராயம், அம்மோனியா கலந்தவை எதுவும் கூடாது. அவை திரையின் மேற்பூச்சை அரித்துவிடும். நீரைத் திரையின் மேல் நேரடியாகத் தெளிக்கவும் கூடாது. வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கும் துளிகள் அங்குள்ள மெல்லிய இணைப்புகளைக் கெடுத்து, திரையில் நிரந்தரக் கோடுகளை உண்டாக்கும்.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில்?

பெட்டி சரிந்து விழுவதே முதல் ஆபத்து. மேசை மேல் வைத்திருந்தால், பின்புறத்திலிருந்து சுவருக்கோ மேசைக்கோ பட்டையால் கட்டிவைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். விளையாட்டுப் பொருள்களையும் ரிமோட்டையும் பெட்டியின் மேலோ பின்னாலோ வைக்காதீர்கள். அவற்றை எடுக்கத்தான் குழந்தை மேசையின் இழுப்பறையில் கால் வைத்து ஏறும்.

ஓஎல்இடி திரையில் உருவம் நிரந்தரமாகப் பதிந்துவிடுமா?

சேனலின் சின்னம், செய்தி ஓடும் பட்டை போன்றவை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் பிரகாசமாக எரிந்தால், அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட விரைவாகத் தேய்ந்து நிழல் தெரியும். பலவகை நிகழ்ச்சிகளைப் பார்க்கும் வீட்டில் இது அரிது. பெட்டி அணைந்த பிறகு தானாக ஒரு சீரமைப்பைச் செய்துகொள்ளும் என்பதால், பார்த்து முடித்ததும் ரிமோட்டில் அணைத்துவிட்டு, சுவர் சுவிட்சை உடனே அணைக்காமல் விடுவது நல்லது.

ஒலி வருகிறது, படம் வரவில்லை. பெட்டி போய்விட்டதா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அறையை இருட்டாக்கி, பெட்டியை இயக்கி, கைபேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். மிக மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தால், திரை நன்றாக இருக்கிறது, பின்னொளிதான் எரியவில்லை என்று பொருள். பின்னொளிப் பட்டைகளை மாற்றுவதும் மின்வழங்கு பலகையைச் சரிசெய்வதும் நல்ல தொழில்நுட்பர் செய்யக்கூடிய வேலை. திரையையே மாற்றுவதற்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான் ஆகும். டார்ச் வெளிச்சத்திலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. இந்தச் சோதனை ஓஎல்இடிக்குப் பொருந்தாது.

திரையில் திடீரென்று வட்டமான வெண்புள்ளிகள் தோன்றுவதும் பலரைக் கலங்கடிக்கும். பின்னொளி விளக்கு ஒவ்வொன்றின் மேலும் ஒளியைப் பரப்புவதற்காக ஒட்டியிருக்கும் சிறு லென்ஸ், பசை காய்ந்து கழன்று விழுவதால் அது நேர்கிறது. பிரித்து மீண்டும் ஒட்டினால் சரியாகிவிடும். ஆனால் திரையைக் கழற்றும் வேலையில் அது உடையும் வாய்ப்பு இருப்பதாலும், உள்ளேயுள்ள மின்வழங்கு பலகையில் இணைப்பைக் கழற்றிய பிறகும் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதாலும், இதை வீட்டில் செய்யவே கூடாது. மாறாக, திரையில் சிலந்தி வலைபோல் விரிசலோ, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நிற்கும் நிறக்கோடுகளோ தெரிந்தால் திரைப் பலகையே பழுது. அதை மாற்றும் செலவு பல வேளைகளில் புதுப் பெட்டியின் விலையை நெருங்கிவிடும்.

பழைய பெட்டியை வேறு ஒருவருக்குக் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

எல்லாச் செயலிகளிலிருந்தும் வெளியேறி, அமைப்புகளில் உள்ள ஆலைநிலை மீட்டமைப்பை (ஃபேக்டரி ரீசெட்) செய்யுங்கள். வைஃபை கடவுச்சொல்லும் பணம் செலுத்தும் விவரமும் பெட்டியிலேயே தங்கியிருக்கும் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. திரை உடைந்து மீட்டமைக்க முடியாமல் போனால், உங்கள் கைபேசியிலோ கணினியிலோ ஒவ்வொரு கணக்கினுள்ளும் போய், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். கொடுக்கும்போது ரிமோட், தாங்கிக் கால்கள், அவற்றுக்குரிய திருகாணிகள் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டுச் சேர்த்துக் கொடுங்கள். இவை பின்னால் தனியாகக் கிடைப்பது கடினம்.